பிறவுணிக்கு எந்த டெஸ்ட்? நாயின் ஒவ்வாமைக்குக் காசை முதலில் எதில் போடுவது

இரவு ஒரு மணிக்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கும். கட்டிலுக்குக் கீழே சப், சப், சப் என்று ஒரே தாளத்தில். காற்றாடிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். பெயர் பிறவுணி என்றாலும் எங்கள் நாயின் முன்கால் இரண்டும் வெள்ளைச் சொக்ஸ் போட்டது போல இருக்கும். ஒரு வருடம் விடாமல் நக்கியதில் அந்த வெள்ளை தேயிலைச் சாயம் பட்ட துணி மாதிரிச் சிவந்துவிட்டது. காது சூடு. அக்குள் கறுத்துத் தடித்துப் போனது.

வெள்ளவத்தையில் இருந்து த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போவோம். ஓர் ஊசி. மூன்று வாரம் நிம்மதி. பிறகு மறுபடி சப், சப். ஐந்தாவது ஊசிக்குப் பிறகுதான் அது நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீரொயிட் என்று எனக்குத் தெரிந்தது. ஆறாவது தடவை வேறு டொக்டரிடம் போனேன். போனவுடன் எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்: "டொக்டர், அலர்ஜி டெஸ்ட் ஒன்று செய்து பார்ப்போமா? என்ன செலவானாலும் பரவாயில்லை."

அவர் சொன்ன பதிலும், அதன் பிறகு ஏழெட்டு மாதம் நான் வீட்டில் பட்ட பாடும்தான் இந்தக் கட்டுரை. நாயின் ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க உள்ள வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து, எதற்கு எப்போது காசு செலவழிக்கலாம் என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நான் வைத்தியர் இல்லை. நாயைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் டொக்டர்தான்.

முதலில் பெயரில் உள்ள குழப்பம். அலர்ஜி டெஸ்ட் என்றவுடன், இரத்தத்தைக் கொடுத்தால் "ஆம், ஒவ்வாமை, காரணம் இது" என்று ஒரு தாள் வரும் என்று நினைக்கிறோம். அப்படி ஒரு டெஸ்ட் நாய்களுக்கு இல்லை. நாய்களின் தோல் ஒவ்வாமைக்கான சர்வதேசக் குழு 2015இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது: நாயின் கதையைக் கேட்டு, உடம்பைப் பார்த்து, சொறிய வைக்கும் மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு வருவதுதான் நோயறிதல். இரத்தப் பரிசோதனையும் தோல் ஊசிப் பரிசோதனையும் அதற்குப் பிறகு, வேறு ஒரு வேலைக்காக வருபவை.

இரத்தத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் இருந்தால் நாய் அந்தப் பொருளைச் சந்தித்திருக்கிறது, உடம்பு அதைக் குறித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் சொறிகிறது என்று அர்த்தமில்லை. ஒருநாளும் சொறியாத நல்ல நாய்களின் இரத்தத்திலும் பொசிற்றிவ் வரும். வீட்டில் களவு போனதா என்று பார்க்காமலே, தெருவால் போனவர்களின் பெயரை எல்லாம் எழுதி வைத்தது போலத்தான் அந்தத் தாள். களவு போனது நிச்சயம் என்றால் பட்டியல் உதவும். இல்லாவிட்டால் அயலவரோடு சண்டைதான் மிச்சம்.

மலிவானதில் இருந்து தொடங்குவோம்

புது டொக்டர் முதலில் கேட்டது வெள்ளைத் தாளும் தெள்ளுச் சீப்பும். இடுப்புப் பக்கம் நெருக்கமாகச் சீவினார். தாளில் மிளகுத்தூள் போல ஏதோ விழுந்தது. அதன் மேல் ஈரப் பஞ்சை வைத்து அழுத்தினார். கறுப்புப் புள்ளியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் விரிந்தது. மண் என்றால் இப்படிச் சிவக்காது. தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம் அது.

"எங்கள் வீட்டில் தெள்ளு இல்லை டொக்டர், வாராவாரம் குளிக்க வார்க்கிறோம்" என்று பத்து நிமிடத்துக்கு முன்தான் சொல்லியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.

தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும், நாட்கணக்கில் சொறியும். இது பெரும்பாலும் முதுகின் பின்பகுதி, வாலடி, பின்தொடை ஆகிய இடங்களைத்தான் பிடிக்கும். பாதம், காது, அக்குள், அடிவயிறு, முகம் என்று பிடித்தால் சுற்றாடல் ஒவ்வாமை (தூசி, மகரந்தம் போன்றவற்றால் வருவது) அல்லது உணவு ஒவ்வாமைப் பக்கம் யோசிக்கலாம். பிறவுணிக்கு முக்கியத் தொல்லை பாதத்திலும் காதிலும்தான். ஆனால் ஒரு நாய்க்கு ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. இரண்டு மூன்று சேர்ந்து பாரம் கூடும்போதுதான் பல நாய்கள் தாங்க முடியாமல் சொறியத் தொடங்கும்.

குளிர்நாட்டில் பனிக்காலம் வந்தால் தெள்ளுத் தொல்லை கொஞ்சம் அடங்கும். கொழும்பில் அந்த ஓய்வு கிடையாது. வருடம் முழுக்கச் சூடு, வருடம் முழுக்க ஈரப்பதன். நாயின் மேல் நாம் காணும் தெள்ளு ஒரு சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாய்க்கு அடியில், செருப்பு வைக்கும் மூலையில், நிலவெடிப்பில் கிடக்கும். ஆகவே ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு "தெள்ளு இல்லை என்று பார்த்துவிட்டோம்" என்று சொல்ல முடியாது. குறைந்தது மூன்று மாதம், வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைக்கும் ஒன்றாக மருந்து போக வேண்டும்.

இதற்கு இப்போது வாயால் கொடுக்கும் குளிசைகள் இருக்கின்றன. அஃபொக்சோலானர் போன்றவை ஒரு மாதம் வேலை செய்யும், ஃப்ளுரலானர் மூன்று மாதம் வரை. எனக்கு இவற்றில் பிடித்த விடயம், உண்ணியோடு சேர்த்துச் சொறிப்பூச்சியையும் மயிர்க்காலில் வாழும் டெமொடெக்ஸ் பூச்சியையும் இவை அடிக்கும் என்பது. சொறிப்பூச்சியைத் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பாதிக்குப் பாதி தடவை கண்ணில் படாமல் நழுவிவிடும். காதின் ஓரத்தை விரலால் தேய்க்கும்போது பின்கால் தானாக உதைத்தால் டொக்டர் சந்தேகப்படுவார். சுரண்டலில் ஒன்றும் இல்லாவிட்டாலும் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே ஒரே குளிசை மருந்தாகவும் சோதனையாகவும் நிற்கிறது. முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இந்த வகைக் குளிசைகள் வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது.

அடுத்தது மைக்ரோஸ்கோப். டொக்டர் பிறவுணியின் விரல் இடுக்கில் சாதாரண செலோ டேப் துண்டு ஒன்றை ஒட்டி எடுத்தார். சாயத்தில் தோய்த்து ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, "வந்து பாருங்கள்" என்றார். ஊதா நிறத்தில் கச்சான் கொட்டை மாதிரி நடு ஒடுங்கிய சின்னச் சின்ன உருவங்கள். மலசீசியா என்ற ஈஸ்ட். பிறவுணியின் பாதத்தில் வந்த அந்தப் புளித்த ஈரத்துணி வாசத்துக்குப் பொறுப்பாளி இதுதான். ஈஸ்டும் பக்டீரியாவும் ஒவ்வாமையால் பலவீனமான தோலில் வந்து குடியேறும். குடியேறிய பிறகு அவையே தனியாகச் சொறிய வைக்கும். இதைத் தீர்க்காமல் மேலே எந்த டெஸ்டுக்குப் போனாலும், எது எதனால் என்று பிரிக்க முடியாது. பிறவுணிக்கு மருந்து ஷாம்பூ, வாரம் இரண்டு தடவை, நுரையோடு பத்து நிமிடம் நிற்க வைத்து. அந்தப் பத்து நிமிடம் குளியலறையில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குத்தான் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இந்த இடத்தில் வீட்டு வைத்தியம் பற்றி இரண்டு வார்த்தை. வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிப்பாட்டினால் கெடுதல் ஒன்றும் இல்லை, அதை நம்பி மாதக்கணக்கில் இருக்காதவரை. கழிவு எஞ்சின் ஒயில் பூசச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், நாய் அதை நக்கும், அது நஞ்சு. பிரிற்றன் குளிசை மனிதருக்குப் போல நாய்க்குக் கேட்காது. தூங்க வைக்கும், சொறியை அவ்வளவாகக் குறைக்காது.

வைத்தியர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கும் உண்டு. 2010இல் ஃபவ்ரோ என்ற மிருகத் தோல் வைத்தியர் வெளியிட்ட எட்டு அடையாளங்கள்: மூன்று வயதுக்கு முன் தொடங்கியது, பெரும்பாலும் வீட்டுக்குள் வளர்வது, ஸ்டீரொயிட்டுக்குச் சொறி அடங்குவது, திரும்பத் திரும்ப ஈஸ்ட் வருவது, முன்பாதம் பாதிக்கப்பட்டது, காது மடல் பாதிக்கப்பட்டது, ஆனால் காதின் ஓரம் பாதிக்கப்படாதது, பின்முதுகு பாதிக்கப்படாதது. இதில் ஐந்து பொருந்தினால் ஒவ்வாமை உள்ள நாய்களில் நூற்றுக்கு 85ஐப் பிடித்துவிடலாம், இல்லாத நாய்களிலும் நூற்றுக்கு 21ஐத் தவறாகப் பிடிக்கும். பிறவுணிக்கு ஏழு பொருந்தியது. காசு செலவில்லாத இந்தக் கணக்கு, நான் கேட்டு நின்ற இரத்தப் பரிசோதனையைவிட எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டேன். உணவு ஒவ்வாமையா சுற்றாடல் ஒவ்வாமையா என்று மட்டும் இது பிரித்துச் சொல்லாது, ஏனென்றால் இரண்டும் நாயின் உடம்பில் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

எட்டு வாரச் சாப்பாடு

அதைப் பிரிக்க ஒரே வழி சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பது. பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான், நானும் ஒரு தடவை கைவிட்டேன்.

விதி இவ்வளவுதான். நாய் முன்பு ஒருபோதும் சாப்பிடாத ஒரு புரதமும் ஒரு மாப்பொருளும் மட்டும், குறைந்தது எட்டு வாரம், வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. எட்டு வாரம் என்பது சும்மா சொன்ன எண் இல்லை. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 வீதத்துக்கு மேல் ஐந்து வாரத்தில் தேறிவிடும், 90 வீதத்துக்கு மேல் தேற எட்டு வாரம் வேண்டும் என்று முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் "ஒரு மாற்றமும் இல்லையே" என்று நிறுத்துவது பாதிப் பாலத்தில் திரும்புவது மாதிரி.

எந்தப் புரதம்? 2016இல் வந்த ஒரு தொகுப்பு, ஆய்வுகளில் பதிவான 297 நாய்களைக் கணக்கெடுத்தது. மாட்டிறைச்சி 34 வீதம், பால்பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. இதைப் பார்த்துவிட்டு "எங்கள் வீட்டில் மாடு சமைப்பதில்லை, தப்பினோம்" என்று நினைக்க வேண்டாம். இது வெளிநாட்டு நாய்களின் கணக்கு, அங்கே அதிகம் போடுவது மாடு. நாய் எதை அடிக்கடி சாப்பிடுகிறதோ அதற்குத்தான் ஒவ்வாமை வர வழி. கொழும்பில் நம் வீட்டு நாய்களுக்குக் கோழிக் கழுத்து, சோறு, மீன் தலை, பாண், மிஞ்சிய பால்தேத்தண்ணி. பக்கற்றில் வாங்கும் உணவின் முகப்பில் ஆட்டின் படம் இருந்தாலும் பின்னால் சின்ன எழுத்தில் கோழி இருக்கும்.

அப்படியானால் புதிதாக என்ன கொடுப்பது? காடையும் தாராவும் பறவைகள். கோழிக்கு ஒவ்வாமை என்றால் அவையும் பிடிக்காமல் போகலாம். ஆட்டிறைச்சி மாட்டுக்கு நெருங்கிய சொந்தம், விலையும் கையைக் கடிக்கும். மான், மரை பற்றிப் பேச்சே வேண்டாம், நம் நாட்டில் அது சட்டவிரோதம். "சோயா மீற்" யோசனை எங்கள் வீட்டில் வந்தது. சுவையூட்டிய பக்கற்றின் பின்பக்கத்தை வாசித்தவுடன் போய்விட்டது. கடைசியில் நின்றது பன்றி இறைச்சியும் வற்றாளங்கிழங்கும்.

அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத குசினி அது. "நாய்க்காகப் பன்றியா? இந்தச் சட்டியிலா?" பிறகு ஓர் ஒப்பந்தம் வந்தது. தனிச் சட்டி, தனி அகப்பை, பின் பல்கனியில் ஒற்றை அடுப்பு, சமைப்பது நான், கழுவுவதும் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாரத்துக்கானதைக் கொழுப்பு வெட்டி, உப்பில்லாமல், வெங்காயம் உள்ளி இல்லாமல், நன்றாக வேகும்வரை அவித்து, நாளுக்கு ஒரு பொதியாகக் குளிரூட்டியில் வைத்தேன். வளர்ந்த நாய் எட்டு வாரம் இப்படிச் சமாளிக்கும். குட்டிக்கு இது சரிவராது, நீண்ட காலத்துக்கு வளர்ந்த நாய்க்கும் சரிவராது. கல்சியமும் விற்றமினும் குறையும்.

இதற்கு மாற்று, கடையில் கிடைக்கும் ஹைட்ரொலைஸ்ட் உணவு. புரதத்தை உடம்பு அடையாளம் காண முடியாத அளவுக்குச் சிறு துண்டாக உடைத்துச் செய்தது. சத்துக் கணக்கு சரியாக இருக்கும், சமையல் இல்லை, அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லை. குறை, விலையும் கிடைப்பதும். எட்டு வாரத்துக்குத் தேவையானது மொத்தமாகக் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். ஐந்தாம் வாரத்தில் "ஸ்டொக் முடிந்தது" என்றால் முதலில் இருந்துதான். இன்னொன்று, கோழியை உடைத்துச் செய்தது என்றால், கோழிக்கு ஒவ்வாமை உள்ள சில நாய்கள் அதற்கும் சொறியும். வைத்தியரின் ஹைட்ரொலைஸ்ட் உணவு வேறு, சாதாரணக் கடையில் "ஒரே இறைச்சி" என்று எழுதி விற்கும் பக்கற் வேறு. பின்னதில் எழுதாத இறைச்சிகள் கலந்திருப்பதை ஆய்வுகள் பல தடவை கண்டுபிடித்திருக்கின்றன, சோதனைக்கு அது உதவாது. காசும் ஸ்டொக்கும் உள்ளவருக்கு ஹைட்ரொலைஸ்ட், நேரமும் பிடிவாதமும் உள்ளவருக்கு வீட்டுச் சமையல் என்று நான் சொல்வேன்.

என் முதல் முயற்சி பத்தொன்பதாம் நாள் உடைந்தது. கீழ் வீட்டு அன்ரி படிக்கட்டில் நின்று பிறவுணிக்குப் பொரித்த மீன் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். "ஐயோ தம்பி, நாய் வாடிப்போச்சு, ஒரு துண்டுதானே!" அன்றிரவு விசாரித்ததில் அம்மாவும் ஒத்துக்கொண்டார். பின்னேரத் தேத்தண்ணியில் தோய்த்த மேரி பிஸ்கட், நாளுக்கு ஒன்று. "அது சாப்பாடா? பிஸ்கட்தானே?" கோதுமையும் பாலும் ஒரே கடியில்! பட்டியலின் நாலில் இரண்டு.

இரண்டாம் முறை எல்லோரையும் கூப்பிட்டுக் கதைத்தேன். அன்ரியிடம் அவித்த வற்றாளங்கிழங்குத் துண்டுகள் ஒரு டப்பாவில் கொடுத்து, "இதைக் கொடுங்கோ அன்ரி, இது மட்டும்" என்றேன். கொடுக்க வேண்டாம் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். கொடுக்க ஏதாவது கையில் இருந்தால் கேட்பார்கள். இதயப்புழுக் குளிசை இறைச்சிச் சுவையூட்டியதாக இருக்கலாம், டொக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். பூனையின் தட்டை உயரத்தில் வையுங்கள். சொறி தாங்க முடியாத நாய் என்றால் தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் மட்டும் டொக்டர் ஸ்டீரொயிட் குளிசை கொடுத்து அடக்குவார். பிறகு நிறுத்திவிட்டு, உணவு மட்டும் தாங்குகிறதா என்று பார்ப்பார்.

எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். ஒவ்வொரு இரவும் பத்துக்கு ஒரு புள்ளி, பூச்சியம் என்றால் தூக்கம், பத்து என்றால் சாப்பாட்டை விட்டுவிட்டும் சொறிவது. தொடங்கும்போது எட்டு. தெள்ளு மருந்தும் ஷாம்பூவும் ஆறுக்குக் கொண்டுவந்தன. உணவுச் சோதனையின் ஆறாம் வாரம் மூன்று.

ஆனால் தேறியதும் வேலை முடியாது. பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, சொறி திரும்புகிறதா என்று பார்த்தால்தான் அது உணவு ஒவ்வாமை என்று உறுதி. திரும்புவதானால் பெரும்பாலான நாய்களில் இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். கோழி இரண்டு வாரம், ஒன்றும் இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை, இத்தனை நாள் கோழியைத்தான் சந்தேகப்பட்டேன். பாண் இரண்டு வாரம், ஒன்றும் இல்லை. பால், நாலாம் நாள் இரவு கட்டிலுக்கு அடியில் சப், சப். கொப்பியில் ஏழு. அம்மாவின் பால்தேத்தண்ணிக் கோப்பைதான் குற்றவாளி. அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

பாலை நிறுத்திய பிறகும் மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. இடது காதும் பாதமும் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சம் சுற்றாடல் பக்கம், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் என்பது டொக்டரின் ஊகம். கொழும்பின் ஈரக்காற்று அவற்றுக்குச் சொர்க்கம். மெத்தை, தலையணை, நாயின் பாய் எல்லாம் அவற்றின் வீடு. இந்த இடத்தில்தான் நான் முதல் நாளில் கேட்ட டெஸ்ட் பொருத்தமாகிறது.

இரத்தமா, தோலா?

இரண்டும் ஒரே வேலைக்கு: சுற்றாடல் ஒவ்வாமை என்று ஏற்கெனவே தீர்மானித்த நாய்க்கு, எந்தெந்தப் பொருளைச் சேர்த்துப் பழக்க ஊசி தயாரிப்பது என்று தெரிவு செய்ய. ஒவ்வாமைப் பொருளைச் சிறிது சிறிதாக உடம்புக்குப் பழக்கும் அந்தச் சிகிச்சையை எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் இரண்டு டெஸ்டும் வேண்டாம். உணவுக்கு இரண்டும் உதவாது. இரத்தப் பரிசோதனைத் தாளில் "கோழி: பொசிற்றிவ்" என்று ஒரு பகுதி சேர்ந்து வரலாம். அதை நம்பியிருந்தால் நான் கோழியை வாழ்நாள் முழுக்க நிறுத்தி, பாலைத் தொடர்ந்து ஊற்றியிருப்பேன்.

தோல் பரிசோதனையில் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, விலாப் பக்கத்தில் மயிரைச் சிரைத்து, நாற்பது அறுபது சாறுகளை ஒவ்வொரு துளியாகத் தோலுக்குள் ஏற்றி, பதினைந்து இருபது நிமிடத்தில் எது வீங்குகிறது என்று அளப்பார்கள். கேள்வியைத் தோலிடமே கேட்பதால் பல தோல் வைத்தியர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் அனுபவமுள்ள கை வேண்டும், புதிய சாறுகள் வேண்டும், மருந்துகளை முன்கூட்டியே நிறுத்த வேண்டும்: பிரிற்றன் போன்ற ஒவ்வாமைக் குளிசைகளை ஒரு வாரம், ஸ்டீரொயிட் குளிசையை இரண்டு வாரம், நீண்ட நாள் ஸ்டீரொயிட் ஊசி என்றால் நாலு வாரம். மருந்தில்லாமல் சொறியும் நாயோடு அந்த வாரங்களைக் கடத்துவது ஒரு தனித் தவம். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. கொழும்பு டொக்டர் தோல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்றால் முதலில் அங்கே போன் எடுத்துக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இரத்தப் பரிசோதனைக்கு ஒரு குழாய் இரத்தம் போதும். மயக்கம் இல்லை, சிரைப்பு இல்லை, பேராதனைப் பயணம் இல்லை, மருந்துகளும் அவ்வளவாகக் குழப்பாது. கொழும்பில் இருக்கும் நமக்கு நடைமுறையில் வசதி இதுதான். காசைக் கொடுக்கு முன் ஒன்று கேளுங்கள்: எந்தப் பட்டியலை வைத்துச் சோதிக்கிறார்கள்? குளிர்நாடுகளுக்கான பட்டியலில் பேர்ச் மரத்தின் மகரந்தம் இருக்கும். அந்த மரம் காலி வீதியில் எங்கே நிற்கிறது? தூசிப் பூச்சிகள், களஞ்சிய உணவில் வளரும் பூச்சிகள், கரப்பான், பூஞ்சணம், வெப்பநாட்டுப் புற்கள் இருந்தால் பயனுண்டு. இன்னொரு சிக்கல், தாவரங்களில் பொதுவாக உள்ள ஒரு வகைச் சர்க்கரைக் கூறுக்கு எதிரான புரதம் இரத்தத்தில் இருந்தால், எல்லாப் புல்லுக்கும் மரத்துக்கும் வரிசையாகப் பொசிற்றிவ் காட்டும். அந்தப் புரதத்தைத் தடுத்துவிட்டுச் சோதிக்கும் ஆய்வுகூடமா என்றும் கேளுங்கள்.

டெஸ்டுக்குப் பிறகு வரும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழக்க ஊசி பத்தில் ஐந்து முதல் ஏழு நாய்களுக்கு உதவும், உதவுகிறதா என்று தீர்மானிக்க ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும். மருந்துக் குப்பி குளிரூட்டியில் இருக்க வேண்டும். 2022இல் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாளை நினைத்தால் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். ஆனால் இளம் நாய், வருடம் முழுக்கச் சொறி, இன்னும் பத்து வருடம் வாழப் போகிறது என்றால் கணக்கு மாறும். நோயின் போக்கையே மாற்றக்கூடிய சிகிச்சை அது ஒன்றுதான், மற்றதெல்லாம் அடக்கி வைப்பவை.

மயிர், எச்சில் அனுப்பும் டெஸ்ட் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2019இல் ஓர் ஆய்வில் பொம்மையின் செயற்கை மயிரையும் வெறும் உப்புத் தண்ணீரையும் அனுப்பிப் பார்த்தார்கள். அதற்கும் ஒவ்வாமைப் பட்டியல் வந்தது. அந்தக் காசுக்குத் தெள்ளு மருந்து வாங்குங்கள்.

டெஸ்டே வேண்டாம் என்று அடக்கி வைப்பதும் ஒரு தெரிவுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒக்லாசிட்டினிப் குளிசை ஒரு நாளுக்குள் சொறியைக் குறைக்கும். ஒரு வயதுக்குக் குறைந்த நாய்க்குக் கொடுக்கக் கூடாது, தொற்றோ கட்டியோ இருந்தால் டொக்டர் யோசிப்பார். மாதத்துக்கு ஓர் ஊசியாக லொகிவெட்மாப் இருக்கிறது. பிரெட்னிசொலோன் மலிவு, கெட்டிக்காரன், ஆனால் மாதக்கணக்கில் போனால் தண்ணீர்த் தாகம், பசி, ஊதிய வயிறு, மெலிந்த தோல் என்று வட்டி கேட்கும். குளிசை என்றால் நிறுத்தலாம். எங்களுக்குப் போட்ட அந்த நீண்ட நாள் ஊசியைப் போட்ட பிறகு திருப்பி எடுக்க முடியாது. அதுவும் ஐந்து தடவை போட்டு, ஒரு தடவைகூடச் சீப்பை எடுக்கவில்லை என்பதில்தான் எனக்கு இன்னும் கோபம்.

வயதான நாய், பருவத்துக்கு ஒரு மாதம் மட்டும் சொறி என்றால், தெள்ளையும் ஈஸ்டையும் பார்த்துவிட்டு அந்த மாதத்துக்குக் குளிசை போதும். வருடம் முழுக்கச் சொறி, கூடவே அடிக்கடி மலம் கழிப்பது, வாந்தி, மலவாயைத் தேய்ப்பது என்றால் உணவுச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தெள்ளு, சொறிப்பூச்சி, ஈஸ்ட், உணவு எல்லாம் தாண்டியும் ஆறு ஏழு புள்ளியில் நிற்கும் இளம் நாய்க்குத்தான் இரத்தப் பரிசோதனைக்குக் காசு வைக்கச் சொல்வேன். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய், நாயைப் பார்க்கும் பெண் அவர் விருப்பத்துக்கு எதையாவது கொடுப்பவர் என்றால், வீட்டுச் சமையல் சோதனையைத் தொடங்கி ஏமாற வேண்டாம். இரண்டு மாதம் வீட்டில் ஒருவர் இருக்கும் காலமாகப் பாருங்கள்.

நான் இன்னும் டெஸ்ட் செய்யவில்லை. பிறவுணியின் பாயை வாரா வாரம் சுடுதண்ணீரில் தோய்த்து மொட்டைமாடி வெயிலில் போடுகிறேன், ஷாம்பூ வாரம் ஒன்றாகக் குறைந்திருக்கிறது, அம்மா பிளேன் டீக்கு மாறிவிட்டார். கொப்பியில் நேற்றைய வரி: "3. இடது காது. மழை. ஒரு மணிக்குப் பிறகு சத்தமில்லை." மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கி வீடு முழுக்க ஈரம் ஏறும்போது இது மூன்றிலேயே நின்றால் அந்தக் காசு என் கையில். ஆறைத் தாண்டினால், கொப்பியையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போய், எந்தப் பட்டியல் என்று கேட்கப் போகிறேன்.